மியூனிக்காரர்களுக்கு பெங்களூரில் என்ன பீர் ஊற்றுவது?

வாசகர் கேள்வி: ஓசூரில் இயந்திர உதிரிபாகம் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் மியூனிக்கிலிருந்து 6 வாடிக்கையாளர்கள், புனேயிலிருந்து 4 பேர் வருகிறார்கள். எங்கள் ஆட்களோடு சேர்த்து மொத்தம் 18 பேர். ஒரு நாள் மாலை பெங்களூரில் கிராஃப்ட் பீர் டேஸ்டிங் ஏற்பாடு பண்ணச் சொல்லி எம்.டி. என் தலையில் கட்டிவிட்டார். விசாரித்து 10 வகை பீர் எழுதி வைத்திருக்கிறேன். கிங்ஃபிஷர் தாண்டி எனக்கு எதுவும் தெரியாது. எதை வைக்கலாம், எதை விடலாம்?

முதலில் அந்தப் பத்தில் ஐந்தை அடித்துவிடுங்கள். ஆளுக்கு 100 மில்லி வீதம் பத்து வகை ஊற்றினால் ஒரு லிட்டர் பீர் உள்ளே போயிருக்கும், ஏழாவது கிளாஸுக்கு மேல் யாருக்கும் ருசி தெரியாது, பேச்சுச் சத்தம்தான் கூடும். ஐந்து வகை, ஆளுக்கு மொத்தம் அரை லிட்டர். சராசரியாக 5 சதவீத ஆல்கஹால் என்று வைத்தால்கூட 25 மில்லி சுத்த ஆல்கஹால் ஆகிறது, எடையில் சுமார் 20 கிராம். வியாபாரம் பேச வந்தவர்களுக்கு இது போதும். அதற்கு மேல் வேண்டுமென்பவர் டேஸ்டிங் முடிந்ததும் தனக்குப் பிடித்ததை முழு கிளாஸ் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

உங்கள் பட்டியலில் நான்கு வீட் பீர் (கோதுமை பீர்), மூன்று லாகர் (கிங்ஃபிஷர் மாதிரி, குளிரில் நிதானமாக நொதிக்க விடுவது) இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பெங்களூரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். தனித்தனியாக எல்லாமே நல்ல பீராக இருக்கலாம். ஆனால் டேஸ்டிங்கில் ஒரு கிளாஸுக்கும் அடுத்த கிளாஸுக்கும் உள்ள வித்தியாசம் பீரே குடிக்காதவருக்கும் பளிச்சென்று தெரிய வேண்டும், இல்லையென்றால் மூன்றாவது கிளாஸில் எல்லோரும் போனை எடுத்துவிடுவார்கள். அறையில் இருப்பவர்களிலேயே பீர் அனுபவம் குறைந்தவர் யாரோ அவரை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். உங்கள் விஷயத்தில் அநேகமாக அது நீங்களேதான், அது நல்லதும்கூட. உங்கள் நாக்குக்கு இரண்டு பீர் ஒன்றுபோல இருந்தால் அதில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

சரி, மியூனிக்காரர்கள். இங்கேதான் பலரும் சறுக்குவது. "ஜெர்மன்காரர்கள் வருகிறார்கள், நல்ல ஹெஃபவைசன் வைப்போம்" என்று தோன்றும். அந்தக் கோதுமை பீர் அவர்கள் ஊர் சரக்கு, அதன் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர்கள். மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்பார்கள், மனதுக்குள் ஊரில் குடிப்பதோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தப் பரீட்சையை நீங்கள் எழுத வேண்டிய அவசியமே இல்லை. மியூனிக் இருக்கும் பவேரியாவில் 1516-இல் ஒரு சட்டம் போட்டார்கள், பீரில் பார்லி, ஹாப்ஸ் (கசப்பும் வாசனையும் தருகிற பூ), தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்று. பீரை நொதிக்க வைக்கிற ஈஸ்ட் எப்படி வேலை செய்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது, அது பட்டியலிலும் இல்லை. இன்றைக்கும் அந்த ஊரில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். அப்படியானால் அந்தச் சட்டம் ஒத்துக்கொள்ளாத பீரை வையுங்கள்: அரிசி போட்டது, ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போட்டது. பேச்சு தானாகக் கிளம்பும், உங்கள் எம்.டி. ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

நான் வைப்பதாக இருந்தால் முதல் கிளாஸ் சாதாரண கிங்ஃபிஷர் பிரீமியம். சிரிக்காதீர்கள். 4.8 சதவீதம், எல்லோருக்கும் தெரிந்த ருசி, பெங்களூர் கம்பெனியின் பீர். 50 மில்லி ஊற்றினால் போதும். இதுதான் அளவுகோல் என்று சொல்லிவிட்டால் அடுத்து வருவது எதுவானாலும் எந்த இடத்தில் மாறுகிறது என்று புனேக்காரருக்கும் புரியும், மியூனிக்காரருக்கும் புரியும். இந்திய டேஸ்டிங்குகளில் இதை யாரும் செய்வதில்லை, கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறார்கள் போல.

அப்புறம் ஒரு அரிசி பீர். இந்திராநகரில் டாய்ட் என்ற புரூபப்பில் (பீரை அங்கேயே காய்ச்சி ஊற்றுகிற பப்) பாஸ்மதி பிளாண்ட் என்று ஒன்று உண்டு, லேசானது, கசப்பு குறைவு, மியூனிக்காரருக்கும் புதுசு. அது அன்றைக்குக் கிடைக்காவிட்டால் ஒரு நல்ல பில்ஸ்னர் வையுங்கள். இன்று உலகம் முழுக்கக் குடிக்கிற பொன்னிற லாகர் 1842-இல் செக் நாட்டு பில்சன் நகரத்தில் பிறந்தது, அதை அங்கே போய்ச் செய்து கொடுத்தவர் யோசெஃப் குரோல் என்ற பவேரியர். இந்தத் தகவலை மியூனிக்காரர்கள் யாராவது உங்களிடம் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடலாம்.

மூன்றாவது, பெல்ஜியம் பாணி விட். கோதுமை பீர்தான், ஆனால் ஆரஞ்சுத் தோல், கொத்தமல்லி விதை போட்டு எடுப்பார்கள். கொஞ்சம் மங்கலாக, எலுமிச்சை வாடையோடு இருக்கும், பீர் பிடிக்காது என்பவர்களும் குடித்துவிடுவார்கள். பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில் இந்த வகை 1950-களில் அழிந்தே போய்விட்டது. பால் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த பியேர் செலிஸ் என்பவர் 1966-இல் மறுபடி காய்ச்ச ஆரம்பித்துத்தான் அது உயிர் பெற்றது. பீர் ஊற்றும்போது சொல்லத் தோதான கதை. ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

நான்காவது, ஸ்டௌட். கறுப்பாக இருக்கிறதே, கடைசியில்தானே வரவேண்டும் என்பீர்கள். கறுப்பு என்றால் ஸ்ட்ராங் என்ற நினைப்பு நம் ஊரில் ரொம்பப் பேருக்கு இருக்கிறது. அந்த நிறம் வறுத்த பார்லியிலிருந்து வருவது, அதற்கும் ஆல்கஹாலுக்கும் சம்பந்தம் கிடையாது. கின்னஸ் டிராஃப்ட் வெறும் 4.2 சதவீதம்தான், உங்கள் கிங்ஃபிஷரைவிடக் குறைவு. இப்படி இனிப்பில்லாத சாதா ஸ்டௌட்டாக இருந்தால் நான்காவதாக வைக்கலாம். காபி, கோகோ வாசனை வரும், பில்டர் காபி குடித்து வளர்ந்தவர்களுக்கு உடனே பிடிபடும். புரூவரியில் இருப்பது 8 சதவீதத்துக்குப் பக்கம் போகிற இனிப்பு ஸ்டௌட் என்றால் மட்டும் கடைசிக்குத் தள்ளுங்கள். லேபிள் படிக்கும்போது இதையும் கவனியுங்கள்: நம் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 வரை இருந்தாலே ஸ்ட்ராங் பீர் கணக்கு.

ஐந்தாவது, ஐ.பி.ஏ., அதாவது இந்தியா பேல் ஏல். ஹாப்ஸ் கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு போகாது, அதனால்தான் கடைசி இடம். இதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் இடைவெளி விடுங்கள், தண்ணீர், ஒரு துண்டு வெறும் ரொட்டி. ஐ.பி.ஏ.வுக்கும் நமக்கும் உறவு இருக்கிறது, பெயரிலேயே இந்தியா இருக்கிறது. இந்தியாவுக்கென்றே ஒருவர் கண்டுபிடித்தார் என்று பொதுவாகச் சொல்லும் கதை மிகை. ஹாப்ஸ் தூக்கலாகப் போட்ட பீர் இங்கிலாந்தில் ஏற்கெனவே இருந்தது, லண்டன் போ பகுதியில் ஹாட்ஜ்சன் என்பவரின் புரூவரி கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் அந்தச் சரக்கு இங்கே நிறைய வந்தது. 1820-களில் இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்க்காரர்கள் அந்த வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது நாம் குடிக்கிற ஐ.பி.ஏ. அதிலிருந்து ரொம்ப தூரம் வந்துவிட்டது, பெரும்பாலும் அமெரிக்க ஹாப்ஸ், கிச்சிலி, மாம்பழ வாசனை. ஆர்பர் புரூவரியின் பீச் ஷாக் ஐ.பி.ஏ. இதற்கு நல்ல தேர்வு.

புளிப்பு பீர் வைக்கலாமா என்றால், எனக்கு ரொம்பப் பிடிக்கும், இருந்தாலும் இந்தக் கூட்டத்துக்கு வேண்டாம். முன்கூட்டியே சொல்லாவிட்டால் கெட்டுப்போன பீர் என்று பாதிப் பேர் நினைப்பார்கள், சொன்னாலும் கால்வாசிப் பேர் நினைப்பார்கள். மாம்பழ சீசனாக இருந்து புரூவரியில் மாம்பழம் போட்ட பீர் இருந்தால் விட் இடத்தில் அதை வைக்கலாம், வெளிநாட்டுக்காரர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

இடம். பெங்களூரில் வாங்கி ஓசூருக்குக் கொண்டுவந்து கெஸ்ட் ஹவுஸில் வைத்துவிடலாம் என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அனுமதியில்லாமல் வெளிமாநிலச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், அத்திப்பள்ளி தாண்டினதும் செக்போஸ்ட்டில் வாடிக்கையாளரோடு நின்றுகொண்டிருக்க வேண்டாம். பெங்களூரிலும் ஹால் பிடித்து நீங்களே ஊற்றுவதென்றால் எக்சைஸில் தற்காலிக லைசென்ஸ் வாங்க வேண்டும். அந்த அலைச்சல் எதற்கு, புரூபப்பிலேயே ஒரு பகுதியை ரிசர்வ் செய்யுங்கள். உங்களுக்கு சர்ஜாபூர் ரோடு பக்கம் கிட்டத்தில் இருக்கும், இந்திராநகர், ஒயிட்ஃபீல்ட் போனால் டிராஃபிக்குக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். வெள்ளி, சனி வேண்டவே வேண்டாம், அந்தச் சத்தத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் பேசுவதே காதில் விழாது. செவ்வாய் அல்லது புதன், மாலை 5 மணிக்கு ஆரம்பித்தால் புரூவர் கையில் நேரம் இருக்கும், கேட்டால் வந்து பேசுவார். ஒரு பீருக்கு இரண்டு நிமிஷம் அவர் பேசினால் போதும், பவர்பாயிண்ட் எதுவும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

புரூவரியில் மெனு கார்டை நம்பி முடிவு செய்யாதீர்கள். ஏல் வகை (விட், ஸ்டௌட், ஐ.பி.ஏ. எல்லாம் இதில் சேரும்) காய்ச்சி, நொதித்து, குழாய்க்கு வர இரண்டு மூன்று வாரம், லாகர் என்றால் நான்கிலிருந்து ஆறு வாரம். ஒன்று தீர்ந்தால் அடுத்த டேங்க் தயாராகும் வரை அது கிடையாது. அதனால் இப்போதே போன் பண்ணி, அந்தத் தேதியில் எந்தெந்த டேங்க் ஊற்றுவதற்குத் தயாராக இருக்கும் என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டாலே மறுமுனையில் இருப்பவர் உங்களைக் கொஞ்சம் மரியாதையோடு நடத்துவார்.

ஏதோ காரணத்தால் ஹோட்டலில்தான், பாட்டில், கேன் வைத்துத்தான் என்று ஆனால் பீரா ஒயிட், கெய்ஸ்ட், சிம்பா ஸ்டௌட், ஒயிட் அவுல் டயாப்லோ இப்படிக் கலந்து எடுக்கலாம், ஹோட்டலில் எது வரவழைக்க முடியும் என்று பார்த்து. 18 பேருக்கு ஒரு வகைக்கு 330 மில்லி பாட்டில் 6 போதும், நுரையில் வீணாவதைச் சேர்த்து 8 சொல்லுங்கள். தயாரித்த தேதியைப் பாருங்கள், முக்கியமாக ஐ.பி.ஏ.வில். ஹாப்ஸ் வாசனைதான் முதலில் போகும், மூன்று மாதம் தாண்டினதை நான் வாங்கமாட்டேன். பச்சை பாட்டில், வெள்ளை பாட்டில் வெளிச்சத்தில் நின்றால் ஹாப்ஸ் கெட்டு ஒரு நாற்றம் வரும், பழுப்பு பாட்டில் தாங்கும், கேன் அதைவிட மேல்.

கிளாஸை ஃப்ரீசரில் வைத்துப் பனி பிடிக்க விடுவதை அனுமதிக்காதீர்கள். ரொம்பக் குளிர்ந்தால் நாக்கு மரத்து எல்லாமே ஒரே ருசியாகிவிடும், அந்தப் பனி உருகிப் பீரிலும் கலக்கும். லாகர் 5 டிகிரி வாக்கில், ஸ்டௌட், ஐ.பி.ஏ. 8 முதல் 12 வரை. ஸ்டௌட்டை ஊற்றுவதற்குக் கால்மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். சின்ன வைன் கிளாஸ் இருந்தால் அதுவே நல்லது, மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் வாசனை மேலே தேங்கும். ஊற்றின பிறகு கிளாஸ் சுவரில் குமிழ் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் சரியாகக் கழுவவில்லை என்று அர்த்தம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை, ஐ.பி.ஏ. வரும் நேரத்தில் ஆந்திரா சில்லி சிக்கன் மேஜையில் இருக்கக் கூடாது. கசப்பும் காரமும் ஒன்றையொன்று ஏற்றிவிடும், ஜெர்மன்காரர் முகம் சிவந்துவிடும். காரமான பதார்த்தம் எல்லாம் டேஸ்டிங் முடிந்த பிறகு. நடுவில் வறுத்த கடலை, ரொட்டி, விட் பீரோடு காரம் குறைந்த மீன் வறுவல், ஸ்டௌட்டோடு ஏதாவது சாக்லேட்.

புனேக்காரர்களில் சைவம், ஜெயினர் யாராவது இருக்கிறார்களா என்று முன்னாலேயே விசாரித்துவிடுங்கள். சில பிரிட்டிஷ் பாணி பீர்களைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கிற ஐசிங்கிளாஸ் போடும் வழக்கம் உண்டு. கின்னஸே இந்தப் பழக்கத்தைச் சமீப வருஷங்களில்தான் நிறுத்தியது. பால் ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால், மில்க் ஸ்டௌட்டில் பால் சர்க்கரை இருக்கும். புரூவரிடம் நேராகக் கேட்டால் சொல்லிவிடுவார். குடிக்காதவர்களுக்கு ஆல்கஹால் இல்லாத ஹைனகன் 0.0 மாதிரி ஒன்றை அதே கிளாஸில், அதே வரிசையில் ஊற்றச் சொல்லுங்கள், ஏன் குடிக்கவில்லை என்று அவரை யாரும் நோண்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். எங்கள் ஆட்கள் என்று நீங்கள் சொல்கிற கூட்டத்தில் 21 வயது நிரம்பாத டிரெயினி யாராவது இருந்தால் கர்நாடகாவில் அவருக்கு ஊற்றமாட்டார்கள், அழைக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்கு டிரைவர் வைத்துவிடுங்கள், உங்கள் ஆட்களுக்கும் சேர்த்து. சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான் வரம்பு, அரை லிட்டர் பீரே சிலரை அதற்கு மேல் கொண்டுபோய்விடும், ஓசூர் ரோட்டில் ராத்திரி ஊதச் சொல்வது வழக்கமாக நடப்பது. பிறகு, நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால் மறுபடி ஒரு போன், ஐந்தும் இருக்கிறதா என்று. அரிசி பீர் தீர்ந்துபோயிருந்தால் பில்ஸ்னர், விட் தீர்ந்துபோயிருந்தால் அவர்களிடம் இருக்கிற ஹெஃபவைசனை ஊற்றுங்கள். அந்த நிலைமை வந்தால் மட்டும் மியூனிக்காரர்களிடம் மார்க் போடச் சொல்லிவிடலாம்.