அரை கிலோ சீரகச் சம்பா எத்தனை கப்?
தராசு இல்லாமல் ஆம்பூர் பிரியாணிக்கு அரை கிலோ சீரகச் சம்பாவை எப்படி அளப்பது என்று கேட்டிருந்தீர்கள். 240 மில்லி கப்பில் தலைதட்டி அளந்தால் ஏறக்குறைய 200 கிராம் வரும், ஆக இரண்டரை கப். கோபுரமாகக் குவித்தால் கணக்கு தப்பிவிடும்.

ஆனால் அதே கப்பில் மைதா 125 கிராம்தான் நிற்கும், எண்ணெய் 220, தண்ணீர் 240, அதனால் அரிசிக் கணக்கை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள்.

வேலூரில் எங்கள் வீட்டில் செய்வது இதுதான்: கடையில் அரை கிலோ பாக்கெட் வாங்கி, அப்படியே ஒரு எவர்சில்வர் சொம்பில் கொட்டி, லேசாகத் தட்டி, அரிசி நிற்கும் இடத்தில் உள்பக்கம் ஆணியால் ஒரு கோடு கீறிவிடுவோம். அப்புறம் தராசே தேவைப்படாது. ஊறவைப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள், ஊறிய அரிசி தண்ணீர் குடித்து உப்பியிருக்கும்.