கிராமத்துக் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் எதற்கு? பேச்சு ஆங்கிலம் மட்டும் போதாதா?

ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்துவிட்டு, பெங்களூரு நேர்முகத் தேர்வுக்கு இது உதவுமா என்ற கவலையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தர்மபுரி மாவட்டக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். பேச்சு ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். ஆனால் இக்கவிதைகள் நம் பிள்ளைகளுக்கு எட்டாதவை என்பதை ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

வேர்ட்ஸ்வொர்த் 1800இல் எழுதிய ‘மைக்கேல்’ கவிதையை நடத்தியபோது, முதலில் கதையைத் தமிழிலேயே சொன்னேன். 84 வயது ஆட்டிடையர் ஒருவர், உடன்பிறந்தவரின் மகனுக்கு ஜாமீன் நின்றதால் கடனில் சிக்கி, பூர்விக நிலத்தை விற்க மனமின்றி, ஒரே மகன் லூக்கை நகரத்துக்குச் சம்பாதிக்க அனுப்புகிறார். புறப்படுவதற்கு முந்தைய மாலை, கட்டவிருக்கும் ஆட்டுப்பட்டிக்கு அவன் கையால் முதல் கல்லை வைக்கச் செய்கிறார். மகனோ நகரத்தில் கெட்டுப்போய்க் கடல் கடந்து ஓடிவிடுகிறான்.

“ஜாமீன் கையெழுத்துப் போட்டதுதான் சார் தப்பு” என்றார் பென்னாகரம் பக்கத்து மாணவர் ஒருவர். “நிலத்தை விற்றால் ஊரில் யார் மதிப்பார்கள்?” என்றார் இன்னொருவர். அண்ணனைப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு அனுப்பிய வீட்டுப் பெண் ஒருவர், “அந்த அம்மாவை யாராவது கேட்டார்களா சார்?” என்று கேட்டார். அதன் பிறகுதான் புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன். இரவெல்லாம் கணவர் உறக்கத்தில் தவிப்பதைக் கேட்ட தாய் இசபெல், இழப்பதற்கு உன்னைத் தவிர எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை, நீ போனால் உன் தந்தை இறந்துவிடுவார் என்று லூக்கிடம் சொல்லும் வரிகளை அவர்களே தேடிக் கண்டுபிடித்தார்கள். சொல்ல வருவது தெரிந்துவிட்டதால், வரி தாண்டி ஓடும் நீண்ட வாக்கியங்களில் எழுவாயையும் பயனிலையையும் பிரித்தறிய அவர்களால் முடிந்தது.

தமிழில் விளக்கினால் ஆங்கிலம் வளராது என்று சிலர் சொல்லக்கூடும். வரிகளை ஆங்கிலத்தில்தான் படித்தோம், விடைகளையும் ஆங்கிலத்தில்தான் எழுதினார்கள். நல்ல உடை உடுத்தாதவர்களும் ஆழமாக உணர்வார்கள் என்று காட்டவே இதை எழுதியதாக, 1801 ஜனவரியில் அரசியல்வாதி சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸுக்கு வேர்ட்ஸ்வொர்த் கடிதம் எழுதினார். அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகளிடம்தான், இது உங்களுக்கு வேண்டாம் என்கிறார்கள்.

கைடை மனப்பாடம் செய்தவருக்கும் கவிதையைப் படித்தவருக்கும் ஒரே மதிப்பெண் தரும் வினாத்தாள்கள்மீது எனக்குத் தீராத வருத்தம் உண்டு. இருந்தாலும் கைடைப் பிறகு பாருங்கள். இசபெல் பேசும் அந்தச் சில வரிகளை முதலில் வாய்விட்டுப் படியுங்கள்.