கேள்வி – பதில்: ‘நான் யார்?’ என்பது ஜபம் அல்ல

தினமும் காலையில் கால்மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு ‘நான் யார், நான் யார்’ என்று மனதுக்குள் சொல்லி வருகிறேன். மூன்று மாதமாகியும் கோபம் குறையவில்லை. என்ன தவறு செய்கிறேன்?
– வாசகி, கும்பகோணம்

‘சொல்லி வருகிறேன்’ என்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். ரமண மகரிஷி தந்தது மந்திரம் அல்ல, விசாரம்; அதாவது ‘நான்’ என்பது எது என்று உள்ளே கவனித்து ஆராய்வது. 1902 வாக்கில் திருவண்ணாமலை விருபாக்ஷ குகையில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் கேட்ட கேள்விகளுக்கு, அப்போது பேசாமலிருந்த இளைஞர் ரமணர் எழுதியே விடையளித்தார். அதுதான் பிறகு ‘நான் யார்?’ என்ற சிறு நூலானது. முறை அதிலேயே தெளிவாக இருக்கிறது.

ஒரு நினைவு எழுகிறது. அதைத் தொடர்ந்து ஓடாமல், ‘இது யாருக்கு எழுந்தது?’ என்று பாருங்கள். ‘எனக்கு’ என்று தெரியும். ‘இந்த நான் யார்?’ என்று கேட்டவுடன், வெளியே போய்க்கொண்டிருந்த கவனம் ‘நான்’ என்ற உணர்வுக்கே திரும்பும். அங்கே நில்லுங்கள். சொல்லால் விடை தேட வேண்டாம். ‘நான் ஆன்மா’ என்று சொல்லிக்கொள்வதும் இன்னொரு நினைவுதான். ஆரம்பத்தில் இரண்டு மூன்று நொடிகூட நிற்காது, அடுத்த நினைவு வந்துவிடும். மறுபடியும் ‘யாருக்கு?’ கோட்டைக்குள் இருக்கும் எதிரிகள் வெளியே வர வர வெட்டிக்கொண்டே இருந்தால் கோட்டை கைவசமாகும் என்கிறார் ரமணர். ஆகவே நினைவுகள் வருவது தோல்வி இல்லை.

இனி கோபத்துக்கு வருவோம். ‘அவர் எப்படி அப்படிப் பேசலாம்?’ என்று கொதிக்கும்போது கவனம் முழுவதும் அவர்மேல் இருக்கிறது. ‘இந்தக் கோபம் யாருக்கு?’ என்று கேட்பது அதை இந்தப் பக்கம் திருப்பத்தான். பலர் இங்கே சறுக்குகிறார்கள்: கேட்டுவிட்டு, கோபம் போயிற்றா என்று கோபத்தையே உற்றுப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கோபத்தை அல்ல, கோபப்படுகிறவரை. பெரிய சண்டையில் முதன்முதலாக முயன்றால் கைகூடாது. பால் பொங்கி வழிந்தது, பேருந்து கண்ணெதிரே போய்விட்டது – இப்படிச் சின்ன எரிச்சல்களில் நாளைக்கு ஐந்தாறு முறை பழகுங்கள். காலையில் உட்காரும் கால்மணி நேரத்தைவிட இதுதான் உங்களுக்கு அதிகம் உதவும்.

தியானத்தில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் மனம் அமைதியாகி, அப்படியே தூக்கம் வந்துவிடுகிறது. இது முன்னேற்றமா?
– வாசகர், திண்டுக்கல்

இல்லை. இதற்கு லயம் என்று பெயர். மனம் ஒடுங்குவது இரண்டு வகை: தற்காலிகமாக அடங்குவது லயம், அடியோடு அழிவது நாசம். லயித்தது மீண்டும் எழும், அழிந்தது எழாது என்று ‘உபதேச உந்தியார்’ பாடலில் ரமணர் பிரித்துக் காட்டுகிறார். மூச்சுப்பயிற்சியால் வரும் அமைதியும் இப்படித்தான்: மூச்சு அடங்கியிருக்கும்வரை மனமும் அடங்கியிருக்கும், மூச்சு வெளிப்பட்டதும் அதுவும் வெளிப்படும். அதனால் மூச்சை வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை, அது துணை. மனம் தணிந்த அந்தக் கணத்தில் அமைதியைச் சுவைத்துக்கொண்டு இருந்துவிடாமல், ‘இந்த அமைதி யாருக்குத் தெரிகிறது?’ என்று விசாரத்தைத் தொடங்குங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்காராதீர்கள். நியமங்களில் சிறந்தது மித சாத்விக உணவு என்பது அவர் வாக்கு. அப்படியும் கண் சொக்கினால் எழுந்து முகம் கழுவி, நடந்துகொண்டே விசாரியுங்கள்.

குடும்பம், கடன், வேலை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு இது சாத்தியமா?
– வாசகர், ஓசூர்

சாத்தியம். வீட்டை விட்டுப் போகிறேன் என்று வந்தவர்களை ரமணர் ஊக்குவிக்கவில்லை. காட்டுக்குப் போனாலும் மனம் கூடவே வரும். அவரே விடியுமுன் ஆசிரமச் சமையலறையில் காய்கறி நறுக்கினார்.

ரயில் எல்லாப் பாரத்தையும் சுமந்து போவது தெரிந்தும், அதில் ஏறியவர் தன் சிறு மூட்டையைத் தலையிலேயே ஏன் வைத்திருக்க வேண்டும் என்று ரமணர் கேட்கிறார். கடவுள்மேல் போட்ட பாரத்தை அவரே சுமப்பார் என்பது பொருள். உங்கள் கடனுக்கு இதை எப்படிப் பொருத்துவது? தவணைக்குப் பணம் ஒதுக்குவது, வங்கியில் பேசுவது, செலவைக் குறைப்பது எல்லாம் உங்கள் வேலை. அதை விடக் கூடாது. அவை முடிந்தபின், இரவு பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டு அதே கணக்கை நாலாம் முறை ஓட்டுகிறீர்களே, அதுதான் தலைமேல் இருக்கும் மூட்டை. ‘யாருக்கு இந்தக் கவலை?’ என்று கேட்க வேண்டிய நேரம் அது.