1914இல் பெல்ஜியம் ஜெர்மன் படைக்கு வழி விட்டிருந்தால் தப்பித்திருக்குமா?

கேள்வி இது: முதல் உலகப்போர் தொடங்கியபோது ஜெர்மனி பெல்ஜியத்திடம் வழி மட்டும்தான் கேட்டது. பிரான்ஸைத் தாக்கப் போகிறோம், கடந்து போக விடுங்கள், சேதத்துக்கு ஈடும் தருகிறோம் என்றது. அதை மறுத்து அவ்வளவு சிறிய நாடு தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது சரியா?

மறுத்தது சரி என்பது என் பதில். மானம், வீரம் என்றெல்லாம் பேசப் போவதில்லை. வெறும் லாப நஷ்டக் கணக்காகப் பார்த்தாலும் அதே விடைதான் வருகிறது. வழி விட்டால் போர் நம்மைத் தொடாமல் போய்விடும் என்ற ஒரு வாய்ப்பு பெல்ஜியத்துக்கு இருக்கவே இல்லை.

முதலில் அந்தக் கடிதத்தைப் பார்ப்போம். 1914 ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணி வாக்கில் பிரசெல்ஸில் இருந்த ஜெர்மன் தூதர் அதை பெல்ஜிய வெளியுறவு அமைச்சரிடம் கொடுத்தார். பதில் சொல்ல 12 மணி நேரம் அவகாசம். பிரெஞ்சுப் படை பெல்ஜிய நகரமான நமூர் வழியாக ஜெர்மனிக்குள் வரத் தயாராகிறது என்று நம்பகமான தகவல் கிடைத்திருக்கிறதாம். அதனால் தற்காப்புக்காக ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் நுழைய வேண்டியிருக்கிறதாம். எதிர்க்காமல் இருந்தால் போர் முடிந்ததும் நாட்டைத் திருப்பித் தருவோம், வாங்கும் பொருளுக்கு ரொக்கமாகப் பணம் தருவோம், எதிர்த்தால் எதிரி நாடாக நடத்துவோம் என்றது கடிதம்.

இதில் எனக்குப் பிடித்த, பிடித்த என்று சொல்வது தப்பு, எரிச்சலூட்டும் விவரம் ஒன்று உண்டு. இந்தக் கடிதத்தின் வரைவை ஜெர்மன் தலைமைத் தளபதி மோல்ட்கே எழுதியது ஜூலை 26ஆம் தேதி. அன்று ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவித்திருக்கக்கூட இல்லை. பிரான்ஸ் தன் படையைத் திரட்டவே தொடங்கவில்லை. ஜூலை 29இல் முத்திரையிட்ட உறையில் பிரசெல்ஸுக்கு அனுப்பி, சொல்லும்போது திறந்தால் போதும் என்று வைத்திருந்தார்கள். அதாவது, பிரெஞ்சுப் படை வருகிறது என்ற ‘நம்பகமான தகவல்’, ஒரு வாரத்துக்கு முன்பே தட்டச்சாகிவிட்டது. இப்படி எழுதிய ஆள் ‘போர் முடிந்ததும் போய்விடுவோம்’ என்றும் எழுதினால் அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது?

அன்றிரவு மன்னர் ஆல்பர்ட் தலைமையில் அமைச்சர்கள் கூடினார்கள். ஜெயிப்போம் என்று யாரும் ஏமாந்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. முந்தைய வருடம் நவம்பரில் ஆல்பர்ட் பெர்லின் போயிருந்தபோதே, பிரான்ஸுடன் போர் தவிர்க்க முடியாதது என்று கைசர் வில்ஹெல்ம் அவரிடம் நேரிலேயே சொல்லியிருந்தார். ஆகஸ்ட் 3 காலை ஏழு மணிக்கு மறுப்புப் பதில் போனது. நான்காம் தேதி காலை ஜெர்மன் குதிரைப்படை எல்லையைத் தாண்டியது.

இப்போது சட்டத்துக்கு வருவோம், சுருக்கமாக. 1839 லண்டன் உடன்படிக்கைப்படி பெல்ஜியம் நிரந்தர நடுநிலை நாடு. அந்த நடுநிலைக்கு உறுதி கொடுத்த ஐந்து வல்லரசுகளில் பிரஷ்யாவும் ஒன்று, அதாவது பின்னாளைய ஜெர்மனி. 1907 ஹேக் ஒப்பந்தமோ, நடுநிலை நாடு தன் மண்ணில் போரிடும் தரப்பின் படையை நடமாட விடக்கூடாது என்று கடமையாகவே சொல்கிறது. ஒரு தரப்புக்கு வழி விட்ட கணமே நீங்கள் நடுநிலை இல்லை. மறுதரப்புக்கு உங்கள் மண்ணில் சண்டையிடக் காரணம் கிடைத்துவிடுகிறது. கேள்வியில் விட்டுப்போன பகுதி இதுதான். ஜெர்மனி கடந்து போகும்போது பிரான்ஸும் பிரிட்டனும் எல்லையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்குமா? ஷார்லெருவாவும் மோன்ஸும் பெல்ஜிய ஊர்கள். ஆகஸ்ட் 21 முதல் 23 வரை அங்கே ஜெர்மனியோடு மோதியவர்கள் பிரெஞ்சுக்காரர்களும் பிரிட்டிஷ்காரர்களும். பெல்ஜிய ராணுவம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாலும் போர்க்களம் அங்கேதான் அமைந்திருக்கும்.

ஜெர்மனி ஏன் அந்த வழியைப் பிடித்தது என்பதற்கு வரைபடம் ஒன்றே போதும். பிரான்ஸின் கிழக்கு எல்லையில் வெர்டன், தூல், எபினால், பெல்ஃபோர் என்று வரிசையாகக் கோட்டைகள். அவற்றை நேரே முட்டினால் மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் கிழக்கிலிருந்து ரஷ்யா வந்துவிடும். எனவே வடக்கே சுற்றிவளைத்து பிரெஞ்சுப் படையைப் பின்புறமாகப் பிடிப்பது என்பது முந்தைய ஜெர்மன் தலைமைத் தளபதி ஷ்லீஃபன் போட்ட திட்டம். அவர் நெதர்லாந்தின் தென்கோடியையும் மிதித்துக்கொண்டு போகச் சொன்னார். பின்னால் வந்த மோல்ட்கே, கடல் வணிகத்துக்கு ஒரு வாசல் திறந்திருக்கட்டும் என்று நெதர்லாந்தை விட்டுவிட்டார். விளைவு, ஆறு லட்சத்தை நெருங்கும் இரண்டு படைகள் நெதர்லாந்து எல்லைக்கும் ஆர்டென் காட்டுமலைகளுக்கும் நடுவே ஒரு சந்து வழியாகப் போக வேண்டிய நிலை. அந்தச் சந்தின் வாசலில், மியூஸ் ஆற்றின் மீது, முக்கிய ரயில்பாதைகள் கூடும் இடத்தில் இருக்கிறது லியேஜ் நகரம்.

லியேஜைச் சுற்றி 12 கோட்டைகள். 1880களின் இறுதியில் தளபதி ப்ரியால்மோன் வடிவமைத்தவை. இரும்புக் கம்பி போடாத வெறும் கான்கிரீட், அந்தக் காலத்து 21 சென்டிமீட்டர் பீரங்கியைத் தாங்கும் கணக்கில் கட்டியது. ஆகஸ்ட் 5 இரவு ஆறு ஜெர்மன் பிரிகேடுகள் மோதின, கோட்டைகளின் சூட்டில் ஏராளமாகச் செத்தார்கள். ஏழாம் தேதி ஜெர்மன் தளபதி லூடன்டார்ஃப் கோட்டைகளுக்கு இடையே இருந்த இடைவெளி வழியாக நகருக்குள் புகுந்துவிட்டார். ஆனால் நகரம் விழுந்தும் கோட்டைகள் விழவில்லை. ஜெர்மனியின் க்ருப் (Krupp) நிறுவனம் செய்த 42 சென்டிமீட்டர் பீரங்கிகள் 12ஆம் தேதி வந்து சேர்ந்த பிறகுதான் கதை முடிந்தது. இத்தகைய பீரங்கி ஜெர்மனியிடம் இருப்பதே வெளியே யாருக்கும் தெரியாது.

வேலை நிமித்தம் சில காலம் லியேஜில் இருந்தேன். லோன்சின் கோட்டையை அப்போதுதான் பார்த்தேன். ஆகஸ்ட் 15 மாலை ஒரு குண்டு கூரையைப் பிளந்து மருந்துக் கிடங்கில் இறங்கியது. சுமார் 350 வீரர்கள் அந்த ஒரு வெடிப்பில் போனார்கள். பெரும்பாலான உடல்களை எடுக்க முடியவில்லை, இன்றும் இடிபாட்டுக்கு அடியிலேயே இருக்கிறார்கள். கோட்டையே கல்லறை. எஃகுக் குவிமாடம் ஒன்று பிடுங்கி எறியப்பட்டதுபோல் சாய்ந்து கிடக்கிறது. லியேஜின் பெல்ஜியத் தளபதி லெமான் அங்கேதான் மயங்கிய நிலையில் பிடிபட்டார். மறுநாள் கடைசிக் கோட்டைகளும் சரணடைந்தன.

அங்கே வழிகாட்டிகளும் உள்ளூர்க்காரர்களும் ‘லியேஜ்தான் பாரிஸைக் காப்பாற்றியது’ என்று பெருமையாகச் சொல்வார்கள். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். ஜெர்மன் முதன்மைப் படைகள் எல்லையில் முழுதாகக் கூடி முடிக்கவே ஆகஸ்ட் 17 வாக்கில் ஆகிவிட்டது. கோட்டைகள் 16இல் விழுந்துவிட்டன. ஆகவே தாமதம் ஓரிரு நாட்கள் என்று சிலரும், நான்கைந்து நாட்கள் என்று சிலரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் கணிப்பில் அதைவிடப் பெரிய பலன் பின்னால் வந்தது. பின்வாங்கிய பெல்ஜியப் படை ஆன்ட்வெர்ப்பில் போய் உட்கார்ந்துகொண்டு, ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் வெளியே வந்து வந்து தாக்கியது. அதைக் காவல் காக்க ஜெர்மனி ஒரு பெரும் பகுதியை ஒதுக்க வேண்டியிருந்தது. மார்ன் நதிக்கரையில் பாரிஸின் விதி முடிவான அந்த வாரத்தில் அந்தப் படைகள் அங்கே இல்லை. அப்புறம் அக்டோபர் கடைசியில் நியூபோர்ட்டில் மதகுகளைத் திறந்து, கடல் ஏற்றத்தின்போது நீரை உள்ளே விட்டு இசெர் ஆற்றங்கரைச் சமவெளியையே மூழ்கடித்தார்கள். அந்த முனையில் ஜெர்மன் முன்னேற்றம் 1918 வரை நின்றுபோனது.

இதையெல்லாம்விட முக்கியம் லண்டன். ஆகஸ்ட் 2 காலை வரை பிரிட்டிஷ் அமைச்சரவை இரண்டாகப் பிளந்து கிடந்தது. பிரான்ஸுக்காக மட்டும் போருக்குப் போக அதில் பாதிப்பேருக்கு மனமில்லை. பெல்ஜியம் மறுத்த செய்தி வந்ததும் ஊசலாடியவர்கள் பெரும்பாலோர் ஒரு பக்கம் வந்துவிட்டார்கள். இரண்டு பேர் மட்டும் பதவியை விட்டுப் போனார்கள். ஒருவேளை பெல்ஜியம் சரி என்று தலையாட்டியிருந்தால், பிரிட்டன் எந்த உடன்படிக்கையைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கும்? வராமலே இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தாமதமாக, பிளவுபட்டு வந்திருக்கும். ஒரு காகிதத் துண்டுக்காகவா போருக்கு வருகிறீர்கள் என்று ஜெர்மன் பிரதமர் பெத்மன் ஹோல்வெக் பிரிட்டிஷ் தூதரிடம் பொருமினார். அதே ஆள் அன்றைக்குத்தான் நாடாளுமன்றத்தில், பெல்ஜியத்துக்கு நாங்கள் அநியாயம் செய்கிறோம், இலக்கு முடிந்ததும் சரிசெய்வோம் என்று ஒப்புக்கொண்டிருந்தார்.

சரி, வழி விட்டவர்களுக்கு என்ன ஆயிற்று? அதற்கும் உதாரணம் இருக்கிறது, பக்கத்திலேயே. லக்ஸம்பர்க். அதுவும் உடன்படிக்கையால் நடுநிலையாக்கப்பட்ட நாடு, 1867 முதல். ஆகஸ்ட் 2 அன்றே ஜெர்மன் படை உள்ளே வந்தது. சில நூறு வீரர்களை வைத்துக்கொண்டு அவர்களால் எதுவும் செய்ய முடியவில்லை. எதிர்ப்புக் கடிதம் அனுப்பிவிட்டு ஒதுங்கினார்கள். அரசாங்கம் இயங்கியது, ஊர்கள் எரியவில்லை. இதை மறைக்கக் கூடாது. ஆனால் நான்கு ஆண்டுகளும் ஆக்கிரமிப்பில்தான் இருந்தார்கள். செப்டம்பர் 9இல் பெத்மன் ஹோல்வெக்கின் அலுவலகத்தில் தயாரான போர் இலக்குகளின் குறிப்பில் லக்ஸம்பர்க் ஜெர்மனியின் ஒரு மாநிலமாகிவிட வேண்டும் என்று இருக்கிறது. எதிர்க்காத நாட்டுக்கே இந்தத் திட்டம். போர் முடிந்தபின், ஜெர்மானியரோடு இணங்கிப் போனார் என்ற குற்றச்சாட்டில் அவர்களுடைய அரசி மரி அடெலாய்ட் 1919 ஜனவரியில் பதவி விலக வேண்டியதாயிற்று.

எதிர்வாதத்தில் வலுவானது ஜெர்மன் படை கொன்ற பொதுமக்களின் சாவு. டினானில் ஒரே ஊரில் 674 பேர். லுவெனில் 248 பேர், கூடவே பல்கலைக்கழக நூலகமும் லட்சக்கணக்கான நூல்களோடு சாம்பல். பெல்ஜியம் முழுக்க 5,000க்கும் மேல். எதிர்த்ததால்தானே இவ்வளவும் என்று கேட்கலாம். லியேஜ் சுற்றுவட்டாரக் கிராமங்களைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. கோட்டைத் தாக்குதல் சறுக்கிய கோபம் அந்த மக்கள் மேல் இறங்கியது. ஆனால் டினானைப் பாருங்கள். அங்கே ஆற்றின் மறுகரையிலிருந்து சுட்டது பிரெஞ்சுப் படை. வீடுகளிலிருந்து பொதுமக்கள் சுடுகிறார்கள் என்று ஜெர்மன் வீரர்கள் நம்பினார்கள். பிரான்ஸுடன் நடந்த 1870 போரிலிருந்தே அவர்களுக்கு அந்தப் பீதி. சுட்டதாக நம்பும்படி எந்த ஆதாரமும் பின்னால் கிடைக்கவில்லை. வடக்கு பிரான்ஸ் கிராமங்களிலும் இதே காரணம் சொல்லிக் கொன்றிருக்கிறார்கள். இரண்டு பெரிய படைகள் மோதும் பாதையில் இருந்த ஊர்கள் இவை. பெல்ஜிய அரசு காலையில் ‘சம்மதம்’ என்று எழுதியிருந்தால் மட்டும் அந்தப் பீதி போயிருக்காது.

டென்மார்க்கை உதாரணம் காட்டுபவர்களும் உண்டு. 1940 ஏப்ரல் 9 அன்று சில மணி நேரத்திலேயே சண்டையை நிறுத்திவிட்டு, 1943 ஆகஸ்ட் வரை சொந்த அரசாங்கத்தோடு ஓரளவு தப்பித்தது. நியாயமான உதாரணம்தான். ஆனால் டென்மார்க்குக்கு அப்பால் ஜெர்மனியை எதிர்கொள்ள ஒரு பிரெஞ்சுப் படை நிற்கவில்லை. இடம் மாறினால் கணக்கு மாறும்.

பெல்ஜியத்தைக் குறை சொல்வதென்றால் நான் அதற்கு முந்தைய காலத்தைச் சொல்வேன். 1909 வரை குலுக்கல் முறையில் ஆள் எடுத்தார்கள். பணமிருந்தால் பதிலுக்கு வேறொருவனை அனுப்பிவிடலாம். எல்லோருக்கும் கட்டாய ராணுவச் சேவை வந்தது 1913இல்தான், பலன் தர ஒரு வருடம்கூடக் கிடைக்கவில்லை. கோட்டைகளுக்கு இடையே பதுங்குகுழிகள் சரியாக வெட்டப்படாமல் கிடந்தன. இயந்திரத் துப்பாக்கிகளை நாய்கள் இழுத்தன. கேலிக்குச் சொல்லவில்லை, நன்றாகவே இழுத்தன. நடுநிலை என்ற பெயரில் படையைப் பிரித்து, ஒன்றை பிரான்ஸைப் பார்த்து, இன்னொன்றை பிரிட்டனைப் பார்த்து, மற்றொன்றை லியேஜில், வேறொன்றை நமூரில் என்று நிறுத்தியிருந்தார்கள். யார் வந்தாலும் தடுப்போம் என்று காட்டுவதற்காக. வந்தது ஒரே ஆள், லியேஜ் பக்கமாக. அங்கே அவனை எதிர்கொள்ள இருந்தது கோட்டைக் காவலர்களும் ஒரே ஒரு டிவிஷனும்தான்.