பாகு காய்ச்சாமல் பிடிக்கும் எள்ளுருண்டை உதிராமல் நிற்பது ஏன்?

எள்ளுருண்டை என்பது வறுத்த எள்ளையும் சர்க்கரையையும் (வெல்லத்தையும்) உரலில் இடித்துப் பிடிக்கும் இனிப்பு. மட்டக்களப்பு வீடுகளில் பெரியவர்கள் வறுத்து ஆறவைத்துவிட்டால், உருட்டுவதைச் சிறுவர்களிடம் தயங்காமல் விடலாம். எள்ளின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய் என்பதால், உலக்கை விழ விழ அது கசிந்து, சர்க்கரையின் இயல்பான ஈரத்தோடு சேர்ந்து துகள்களைப் பிணைக்கிறது. கல்லடிக் கடற்கரையில் காய்ந்த மணல் கைக்குள் நில்லாமல் சரிய, ஈரமணல் கோபுரமாக நிற்பதைப் போன்றதே இது. இடித்த எள் மினுமினுத்து விரலில் எண்ணெய் படும்போது நிறுத்த வேண்டும். மேலும் இடித்தால் களியாகிவிடும் (கிரைண்டரில் இது நொடியில் நேரும்).

உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும் எனப் பலர் எண்ணுகிறார்கள். தண்ணீர் பட்ட உருண்டை விரைவில் பழுதாகும், உதிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் இடி போதாமையே.