துறவியின் சொல்லும் தலைவரின் சினமும்

வாசகர் கேள்வி – பதில்

காட்பாடி வாசகர்: 2025 ஜனவரியில் வாஷிங்டன் பேராலயத்தில் நடந்த வழிபாட்டில், குடியேறியவர்கள் உட்பட அச்சத்தோடு வாழ்பவர்களிடம் இரக்கம் காட்டுமாறு பேராயர் மரியன் எட்கர் புட்டே வேண்டினார். அதற்காக அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் அதிபர் டிரம்ப். ஒரு வேண்டுகோளுக்கு இத்தனை சினம் ஏன், ஐயா?

பதில்: எதிர்க்கட்சிக்காரர் குறை சொன்னால், நாற்காலிக்காகப் பேசுகிறார் என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். வாக்குக் கேட்டு நிற்காத ஒருவர், பதவியேற்ற மறுநாளே, தலைவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கும்போது பேசினால் அந்த வரி உதவாது. தலைவருக்கு வாக்களித்தவர்களே அந்தச் சொல்லுக்கும் செவிசாய்ப்பார்கள் என்பதால், சொல்லை விட்டுவிட்டுச் சொன்னவரின் தகுதியைக் குறைப்பதே அவருக்கு எளிய வழியாகப் படுகிறது. குடியேறியவர்கள் சிலர் செய்த கொலைகளைப் பேராயர் குறிப்பிடவில்லை என்றும் டிரம்ப் சொன்னார்; அது சரியோ தவறோ, ஒரு வாதம். 'பேராயர் எனப்படுபவர்', தீவிர இடதுசாரி என்றெல்லாம் சொன்னது வாதம் ஆகாது.

நம் நாட்டிலும் இரு வகையும் உண்டு. 2024 ஜனவரியில், கட்டி முடிக்கப்படாத அயோத்தி கோயிலில் பிரதிஷ்டை செய்வது சாத்திரத்துக்கு ஒவ்வாது என்று சங்கராச்சாரியார் அவிமுக்தேஸ்வரானந்தர் போன்றோர் கூறியபோது, சமயத்துக்கு அவர்கள் செய்த பணி என்ன என்று எதிர்க்கேள்வி கேட்டார் அன்றைய மத்திய அமைச்சர் நாராயண் ராணே. கேட்கப்பட்டதோ கோயில் முடிந்ததா, சாத்திரம் என்ன சொல்கிறது என்பது. அதற்கு விடை சொல்லத் தெரிந்தவர்கள் அவர் பக்கத்திலேயே இருந்தார்கள். 2018-இல் டெல்லிப் பேராயர் அனில் கூட்டோ, நாட்டின் அரசியல் சூழல் கொந்தளிப்பாக இருப்பதாகக் கூறி, பிரார்த்தனை செய்யுமாறு கடிதம் எழுதியபோது, இந்தியாவில் மத அடிப்படையில் எவரும் பாகுபடுத்தப்படுவதில்லை என்றார் அன்றைய உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங். அதை ஏற்பதும் மறுப்பதும் நம் விருப்பம். ஆனால் அது கேட்ட கேள்விக்கான பதில். (தேர்தல் வந்தால் நம் மாவட்டத்தில் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஜமாஅத்துக்கும் ஆயர் இல்லத்துக்கும் மடங்களுக்கும் சால்வையோடு போய் நிற்கிறார்கள். அப்போது மட்டும், சமயத்தில் அரசியல் கலக்கிறது என்று எவருக்கும் தோன்றுவதில்லை.)

குடியாத்தம் வாசகர்: தருமபுரம் ஆதீன விவகாரத்தில் தமிழக அரசு நடந்துகொண்ட விதம் சரியா?

பதில்: பாதி சரி. மனிதரை மனிதர் பல்லக்கில் சுமப்பது மாண்புக்கு ஒவ்வாது என்று எழுந்த எதிர்ப்பை அடுத்து, 2022 ஏப்ரல் இறுதியில், ஆதீனத் தலைவரைப் பல்லக்கில் சுமந்து வலம் வரும் பட்டினப் பிரவேசத்துக்கு மயிலாடுதுறைக் கோட்டாட்சியர் தடை விதித்தார். அமைச்சர்கள் சாலையில் நடமாட முடியாது என்று மன்னார்குடி ஜீயர் பேசினார். அதை விமர்சனம் என்று கொள்ள என்னால் முடியவில்லை, அது மிரட்டல். அரசு வார்த்தைக்கு வார்த்தை மோதாமல் ஆதீனங்களோடு பேசி, மே மாதத்திலேயே அனுமதி வழங்கியது. 22-ஆம் நாள் நிகழ்ச்சியும் நடந்தது. அமைதி காத்தது நல்லது. ஆனால் மாண்பு பற்றிய கேள்வி எழுந்தபோது தடை விதித்த அரசே அதற்குத் தன் முடிவு என்ன என்று விளக்காமல் நழுவியது எனக்கு ஏமாற்றமே.

வேலூர் வாசகர்: நம் கோட்டையில் 1806-இல் நடந்த எழுச்சியும் இவ்வகைதானா?

பதில்: இல்லை. அங்கே குறை சொன்னவர்கள் சிப்பாய்கள், குருமார்கள் அல்லர். எனினும் ஆட்சியின் எதிர்வினை கவனிக்கத்தக்கது: நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை போட்டதோடு, புதிய தலைப்பாகையை மறுத்தவர்களில் இருவருக்குத் தலா 900 கசையடி விதித்தார்கள். ஜூலை 10-இல் எழுச்சி வெடித்து அடங்கிய பிறகு, ஆளுநர் பெண்டிங்கையும் தலைமைத் தளபதி கிரடாக்கையும் இலண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது.

ஆம்பூர் வாசகர்: அப்படியானால் குருமார்கள் அரசியலில் எதை வேண்டுமானாலும் பேசலாமா?

பதில்: பேசலாம், மிரட்டக் கூடாது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123(2) பிரிவில், இறைவனின் சினத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை அச்சுறுத்துவதை முறைகேடான செல்வாக்கு என்கிறது. பஞ்சாபில் நாம்தாரி சீக்கியர்களின் குரு, இன்னாருக்கே வாக்களிக்க வேண்டும் என்று தம் அடியார்களுக்குக் கட்டளையிட்ட வழக்கில், 1959-இல் உச்ச நீதிமன்றம் அந்த வெற்றி செல்லாது என்றது. அதே தீர்ப்பில், வேட்பாளரின் தகுதியைப் பற்றிக் கருத்துச் சொல்லவும் ஆதரவு கேட்கவும் மற்றக் குடிமக்களைப் போலவே சமயத் தலைவருக்கும் உரிமை உண்டு என்றும், மறுத்தால் பாவம் என்று அடியார் அஞ்சும்படி கட்டளை அமைந்தால்தான் அது குற்றம் என்றும் கூறியது. ஆகவே, ஒரு பேராயரோ மௌலவியோ மடாதிபதியோ அரசைக் குறை கூறும்போது, 'உனக்கென்ன உரிமை' என்று கேட்கும் அமைச்சர் முதலில் இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டுக் கேட்கலாம்.