எந்தச் சுழற்சி, எத்தனை வருஷம்? கடலடிச் சேறு பற்றிய கேள்வி பதில்

(கடலடிப் படிவு ஆய்வகத்தில் பல வருஷம் வேலை பார்த்த நம் குழுவின் தண்டையார்பேட்டை உறுப்பினர் ஞாயிறு மாலை பதில் சொன்னார். கேள்விகள் வந்த வரிசையிலேயே இருக்கின்றன.)

கொருக்குப்பேட்டை, பள்ளி ஆசிரியை: சேற்றைப் பார்த்து பழைய காலத்துக் குளிரும் வெயிலும் எப்படி சார் தெரியும்?

பதில்: சேத்தைப் பார்த்து இல்லைங்க டீச்சர், அதுக்குள்ள இருக்கற ஓடுகளைப் பார்த்து. ஃபொராமினிஃபெரான்னு ஒத்தை செல் உயிரி. செத்தா ஓடு கடலடியில தங்கிடும். ஆழ்கடல்ல ஆயிரம் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் சேறுதான் சேரும், அதனால குழாய் இறக்கி எடுத்தா ஒரு மீட்டருக்குள்ளயே பல்லாயிரம் வருஷம் இருக்கும். அந்தச் சேத்தை 63 மைக்ரான் சல்லடையில தண்ணி விட்டு அலசினா களிமண் ஓடிடும், ஓடு நிக்கும். காயவெச்சு, கறுப்புத் தட்டுல கொட்டி, நுண்ணோக்கிக்கு அடியில ஈரப் பிரஷ் நுனியால ஒரே இனத்து ஓட்டை மட்டும் ஒத்தி ஒத்தி எடுக்கணும். குளோபிஜெரினாய்டஸ் ரூபர்னா குண்டா மூணு அறை ஒட்டிக்கிட்டிருக்கும். பக்கத்துல யாராவது தும்மினா அரை நாள் வேலை போச்சு.

ஓட்டுல அமிலம் விட்டா கார்பன் டை ஆக்ஸைடு வரும். அதுல கனமான ஆக்ஸிஜன்-18க்கும் லேசான ஆக்ஸிஜன்-16க்கும் என்ன விகிதம்னு அளப்போம். கடல்நீர் ஆவியாகறப்ப லேசானது சுலபமா கிளம்பும். பனியுகத்துல அது நிலத்துல பனிப்பாளமா மாட்டிக்கும். கடல்ல கனமானதோட பங்கு ஏறும், ஓட்டுலயும் ஏறும். தண்ணி குளிர்ந்தாலும் ஏறும், அதுதான் தலைவலி. 1955ல எமிலியானிங்கற ஆய்வாளர் இதைப் பெரும்பாலும் வெப்பநிலைன்னு படிச்சார். 1967ல ஷேக்கிள்டன்ங்கற இன்னொரு ஆய்வாளர், இல்லை, பெரும்பங்கு பனிக்கட்டியோட அளவுன்னு காட்டினார்.

ராயபுரம், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்: இப்போ சூடாவதும் இயற்கைச் சுழற்சிதானே? ஏன் ஜனங்களைப் பயமுறுத்தணும்?

பதில்: எந்தச் சுழற்சி ஐயா? 1976ல ஹேஸ், இம்ப்ரி, ஷேக்கிள்டன் மூணு பேரும் தெற்கு இந்தியப் பெருங்கடல்ல எடுத்த ரெண்டு சேத்துத் தூணை, அதாவது 'கோர்'களை, அலசினாங்க. சுமார் 1 லட்சம், 41,000 சொச்சம், 23,000, 19,000 வருஷம்னு தாளம் கிடைச்சுது. பூமியோட சுற்றுப்பாதை, அச்சுச் சாய்வு, அச்சுத் தள்ளாட்டம் மூணையும் வெச்சு மிலங்கோவிச்ங்கற விஞ்ஞானி போட்ட கணக்கோட அது பொருந்துச்சு. எல்லாமே ஆமை வேகம். இப்போதைய சூடு 150 வருஷத்துக்குள்ள வந்தது. அதுவும் வடபாதியில கோடை வெயில் சுமார் 10,000 வருஷமா குறைஞ்சுகிட்டு வருது. சுற்றுப்பாதை மட்டும்தான் காரணம்னா மெல்லக் குளிரணும். அண்டார்டிகா பனிக்குள்ள மாட்டின பழைய காத்துக் குமிழ்ல 8 லட்சம் வருஷமா கார்பன் டை ஆக்ஸைடு பத்து லட்சத்துல 180 பங்குலேர்ந்து 300க்குள்ளதான் ஏறி இறங்கியிருக்கு. இன்னிக்கு 420ஐத் தாண்டியாச்சு. சுழற்சின்னு சொல்றவங்க எத்தனை வருஷச் சுழற்சின்னு சேர்த்துச் சொல்லுங்க.

காசிமேடு, விசைப்படகு: அண்ணே, எங்க இழுவலை மடியில சேறும் சிப்பியும் கிலோ கணக்குல ஏறுது. கொண்டாந்தா வயசு சொல்வீங்களா?

பதில்: முடியாது தம்பி. இழுவலை பத்து அடுக்கையும் ஒண்ணாக் கலக்கிடும். அதோட பனியுக உச்சத்துல, சுமார் 20,000 வருஷம் முன்னாடி, கடல்மட்டம் 120 மீட்டர் மாதிரி கீழ இருந்துச்சு. அந்த ஆழத்துக்குள்ள நீங்க மடி இழுக்கற இடம் அன்னிக்குத் தரை. தரையில கடல் ஓடு ஏது? கணக்கேட்டுல பக்கம் பக்கமா கிழிஞ்சிருக்கும். அதான் ஆழ்கடலுக்குப் போறோம்.

மணலி: எல்லாம் இயற்கைச் சுழற்சி சார்.

பதில்: எத்தனை வருஷம்?

பழைய வண்ணாரப்பேட்டை, ஜோசியர்: நாங்க கழிக்கிற அயனாம்சமும் உங்க 23,000 வருஷமும் ஒண்ணா?

பதில்: அப்படிக் கேளுங்க ஐயா! வேர் ஒண்ணுதான். வேகம் குறையற பம்பரத்தோட தலை வட்டம் போடுற மாதிரி பூமியோட அச்சு ஒரு சுத்து சுத்த சுமார் 26,000 வருஷம், அதாவது 72 வருஷத்துக்கு ஒரு பாகை. அந்த நகர்வுக்காக நீங்க கழிக்கிற அயனாம்சம் இப்போ 24 பாகை சொச்சம். ஆனா சுற்றுப்பாதையும் எதிர்த்திசையில மெல்லத் திரும்புறதால பருவநிலைக்குத் தெரியறது 23,000, 19,000.

புதுவண்ணாரப்பேட்டை: அப்போ சூரியன் வடக்கே திரும்பறது டிசம்பர் 22லேயா? பொங்கலை மாத்தணுமா?

ஜோசியர்: வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமான்னே சண்டை ஓயல, நீங்க வேற!

கொருக்குப்பேட்டை ஆசிரியை: பொங்கல் புதுநெல்லுக்கு. சூரியன் எங்க திரும்பினா என்ன?

பதில்: டீச்சர் கட்சி நான். ஆனா கணக்கு சரி: சுமார் 1,700 வருஷம் முன்னாடி தைப் பிறப்பும் அந்தத் திருப்பமும் ஒரே சமயத்துல வந்துச்சு. பண்டிகையை விடுங்க, மழையைப் பாருங்க. இப்போ பூமி சூரியனுக்கு ரொம்பப் பக்கத்துல வர்றது ஜனவரி முதல் வாரம். 11,000 வருஷம் முன்னாடி அது வடபாதியோட கோடையில வந்துச்சு. நிலம் இன்னும் சூடாச்சு, தென்மேற்குப் பருவமழை பலமாச்சு. நம்ம வங்காள விரிகுடாவிலேயே 2014-15ல ஜோய்ட்ஸ் ரெசல்யூஷன் கப்பல் துளை போட்டு எடுத்த கோர்ல 9 லட்சம் வருஷ மழைக் கணக்கு இருக்கு. அதுல வெயில் மட்டும் இல்லை, பனிப்பாளமும் கார்பன் டை ஆக்ஸைடும் மழையை ஆட்டியிருக்கு.

ஜோசியர்: திருக்கணிதம்தான் சரின்னு எழுதிடுங்களேன்.

பதில்: பேட்டையில நான் குடியிருக்கணும் ஐயா.

தண்டையார்பேட்டை, இன்னொருவர்: 120 மீட்டர் இறங்குச்சுன்னா குமரிக்கண்டம் இருந்திருக்குமே?

பதில்: பாக் நீரிணை தரையா இருந்துச்சு, இலங்கைக்கு நடந்தே போகலாம். குமரிக்குத் தெற்கே போகப்போக ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம்; 120ல அங்க ஒண்ணும் வெளிய வராது.

எண்ணூர்: கொசஸ்தலை ஆத்துல அனல்மின் நிலையச் சாம்பல் படியுதே?

பதில்: நியாயமான கேள்வி, ஆனா என் துறை ஆழ்கடல். கழிமுகச் சேறு ஆராயறவங்களைக் கேளுங்க.

திருவொற்றியூர்: இதெல்லாம் இயற்கைச் சுழற்சின்னு ஒரு வீடியோவுல...

பதில்: ராயபுரம் ஐயாவுக்குச் சொன்னதைப் படிங்க. மூணாவது தடவை எழுத மாட்டேன்.

வியாசர்பாடி, கல்லூரி மாணவி: சார், பழைய பனியுகங்கள் 41,000 வருஷத்துக்கு ஒண்ணு, பின்னாடி 1 லட்சத்துக்கு ஒண்ணுன்னு படிச்சேன். ஏன் மாறுச்சு?

பதில்: இன்னிக்கு வந்ததுலயே நல்ல கேள்வி, பாப்பா. 2005ல லிசிக்கியும் ரேமோவும் 57 கடலடி இடத்து ஓட்டுக் கணக்கை ஒண்ணாக் கோத்து 53 லட்சம் வருஷத்துக்கு ஒரே வரைகோடு போட்டாங்க. அதுல சுமார் 12 லட்சம் வருஷம் முன்னாடி தொடங்கி 7 லட்சத்துக்குள்ள தாளம் மாறுறது கண்ணுக்கே தெரியும். வேடிக்கை என்னன்னா, சுற்றுப்பாதைக் கணக்கு மாறவே இல்லை. அடிக்கிறவன் அதே வேகம், ஆடுறவன் மாறிட்டான். ஒரு கட்சி, கார்பன் டை ஆக்ஸைடு மெல்லக் குறைஞ்சதுங்குது. இன்னொரு கட்சி, வட அமெரிக்காவுல இளகின மண்ணைப் பனி சுரண்டித் தள்ளி, கெட்டிப் பாறை மேல உக்காந்து தடிச்சதுங்குது. நான் ரெண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்வேன். 2025 ஜனவரியில அண்டார்டிகாவுல 2,800 மீட்டர் துளைச்சு 12 லட்சம் வருஷத்துக்கும் பழைய பனியை எடுத்துட்டாங்க. அதுல இருக்கற குமிழை முழுசா அளந்தா முதல் கட்சியோட கதி தெரிஞ்சுடும்.